பள்ளிக்கூடப் போர்டும் பிரஜையின் ஓட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் தேர்தல்களைப் பற்றி நமது பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதப்பட்டு வருகிறது. ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் அபேட்சகர் எந்த ஊரில் என்ன பேசினார் என்பதைத் தஞ்சாவூர்க் காப்பி கிளப்பில் உட்கார்ந்திருப்பவரும் அறிவார். ஆனால் அந்நாட்டில் சுமார் 13,000 பள்ளிக்கூட வட்டாரங்கள் உண்டென்பதையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டுகள் நிர்வகிக்கின்றன என்பதையும் அறிந்தவர் சிலரே. அறியாதது நம்மவர் குற்றமன்று. அந்நாட்டு வாக்காளர்களிலேயே பெரும்பாலோர் அத்தேர்தலை மறந்தவர்களாக இருக்கின்றனர். இந்த மறதி அபாயகரமானது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. ஓட்டை உடையவன் அதன் மதிப்பை மறந்தாலும், அதைப் பறிக்க நினைத்தவர்கள் ஒருபோதும் மறந்ததில்லை. இதற்கு வர்ஜீனியா மாகாணத்தின் சரித்திரமே போதிய சாட்சி.

கவுண்டி என்பது ஏறக்குறைய நமது தாலுகாவுக்கும் ஜில்லாவுக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. வர்ஜீனியாவில் பொதுவாகக் கவுண்டி முழுவதும் ஒரே பள்ளிக்கூட வட்டாரமாக அமைந்திருக்கிறது. அதன் போர்டு சூபரிண்டெண்டை நியமிக்கிறது. உபாத்தியாயர்களின் சம்பளத் திட்டத்தை வகுக்கிறது. எந்தத் தெருக் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்வது என்று எல்லை குறிக்கிறது. வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள பேர்பாக்ஸ் கவுண்டியில் 12 மெம்பர்கள் சுமார் 1,80,000 மாணவர்களின் படிப்புக்குப் பொறுப்பாளிகள். அவர்கள் வருஷந்தோறும் கையாளும் தொகை 300 கோடி டாலருக்கு மேற்பட்டது. நமது பழைய சமஸ்தானத்துத் திவான்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட பொக்கிஷத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

இத்தகைய அதிகாரத்தை யார் கையில் ஒப்புவிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வர்ஜீனியாவில் வெகு காலம் ஜனங்களுக்கு இருக்கவில்லை. அங்கே போர்டு மெம்பர்கள் மேலிருந்து நியமிக்கப்பட்டார்கள். 1902-ம் வருஷத்து அரசியல் சட்டம் இதை அப்படியே வைத்துக்கொண்டது. கறுப்பு இனத்தாரை ஓட்டர் ஜாபிதாவிலிருந்து விலக்குவதே தம் நோக்கம் என்பதை அச்சட்டத்தை வகுத்தவர்கள் ஒளிக்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று வருஷத்துத் தலைவரியைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே கட்டி முடித்தவனுக்கே ஓட்டு என்று விதித்தார்கள். ஏழை வெள்ளையரும் இந்த வலையில் சிக்கினார்கள். அதைப் பற்றிச் சட்டம் செய்தவர்கள் அதிகமாக விசனப்பட்டதாகத் தெரியவில்லை. மாகாணத் தேர்தல்களில் இந்த வரி செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்ய 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நியமன இருளில் ஒரே ஒரு கவுண்டியில் விளக்கு ஏற்றப்பட்டது. பொட்டோமாக் நதிக்கு இப்பாலுள்ள அர்லிங்டன் கவுண்டியின் ஜனத்தொகை 1940-ல் சுமார் 57,000, 1950-ல் 1,35,000. தலைநகரத்து உத்தியோகஸ்தர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். பள்ளிகளில் இடமில்லை, உள்ள இடமும் சீராக இல்லை. பெற்றோர்கள் ஒன்றுகூடிக் கமிட்டி அமைத்தார்கள். மாகாணச் சட்டசபையின் கதவைத் தட்டினார்கள். அதன் பலனாக 1947-ம் வருஷத்தில் வர்ஜீனியாவிலேயே முதன்முதலாகத் தங்கள் பள்ளிக்கூடப் போர்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அர்லிங்டன் வாசிகள் அடைந்தனர்.

ஓட்டினால் அமைந்த போர்டு உடனே தர்ம ராஜ்யத்தை ஸ்தாபித்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஹாப்மன்-பாஸ்டன் பள்ளி, வெள்ளையரின் வாஷிங்டன்-லீ பள்ளியோடு ஒப்பிடத் தகாத நிலையில் இருந்தது. கோர்ட்டுக்குச் சென்றே நியாயம் கேட்கவேண்டியிருந்தது. இந்த வேற்றுமை சட்ட விரோதமென்று 1950-ல் அப்பீல் கோர்ட்டு தீர்மானித்தது. ஆயினும் இவ்விஷயத்தில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுக்கும் நியமனப் போர்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்னர் வெளியாயிற்று. நிறபேதப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரண்பட்டவை என்று 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியதும், தெற்கு மாகாணங்களின் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். வர்ஜீனியாவில் ஸெனட்டர் ஹாரி பேர்ட் பகிரங்கமாக எதிர்ப்புக் கொடி பிடித்தார். அந்தச் சமயத்தில், 1956 ஜனவரியில், அர்லிங்டன் போர்டு மட்டும் தன் பள்ளிகளைப் படிப்படியாக இரு இனத்துக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கப் போவதாக ஒரு திட்டத்தை வெளியிட்டது. மிதமான திட்டந்தான், புரட்சி ஏதுமில்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கிறோம் என்ற அளவே.

சட்டசபை அளித்த விடை என்ன? திட்டம் தவறென்று வாதித்ததா? அடுத்த தேர்தலில் அந்த மெம்பர்களைத் தோற்கடிக்கும்படி வாக்காளரைக் கேட்டுக்கொண்டதா? இல்லை. போர்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே அர்லிங்டன் ஜனங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒன்பது வருஷம் அனுபவித்த உரிமை, அதை ஒரு முறை நியாயத்துக்காக உபயோகித்ததும் பறிபோயிற்று. அதன்பின் மாகாணத்தார் பள்ளிகளைப் பொதுவாக்குவதை விட மூடிவிடுவதே மேல் என்று சட்டம் செய்து, 1958-ல் சில ஊர்களில் அவ்வாறே மூடியும் காட்டினார்கள். 1959 ஜனவரி 19-ந் தேதி மாகாணத்தின் உயர் கோர்ட்டும் மத்திய சர்க்காரின் கோர்ட்டும் ஒரே நாளில் அச்சட்டங்களைத் தள்ளின. பிப்ரவரி 2-ந் தேதி நான்கு கறுப்புக் குழந்தைகள் அர்லிங்டனில் ஸ்ட்ராட்போர்டு பள்ளிக்குள் பிரவேசித்தார்கள். போர்டு தானாகச் செய்ய முன்வந்ததைக் கோர்ட்டு கட்டாயப்படுத்திச் செய்விக்க மூன்று வருஷம் வீணாயிற்று. ஓட்டுரிமையோ திரும்பி வரவில்லை.

பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியின் கதை இன்னும் கொடியது. அங்கே 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவியின் தலைமையில் கறுப்பு மாணவர்கள் தங்கள் பள்ளியின் அவல நிலையைக் கண்டித்து வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய வழக்கும் சேர்ந்தே 1954-ம் வருஷத்துத் தீர்ப்பாயிற்று. 1959-ல் அக்கவுண்டியின் மேற்பார்வைச் சபையார் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தனர். ஐந்து வருஷ காலம் பொதுப் பள்ளிக்கூடமே இல்லை. வெள்ளையர் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி ஏற்பட்டது. கறுப்புக் குழந்தைகள் தெருவில் நின்றார்கள். 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டபின்பே கதவு திறந்தது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. வர்ஜீனியாவில் பள்ளிக்கூடப் போர்டுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. பணப்பை மேற்பார்வைச் சபையின் கையில் இருக்கிறது. ஆகவே, போர்டுக்கு நல்லவரைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவது பேதைமை. அந்த மேற்பார்வைச் சபையார் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தானே என்று வாசகர் கேட்கலாம். ஆம், தலைவரி கட்டி வடிகட்டப்பட்ட ஜாபிதாவினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

வர்ஜீனியா மட்டுமல்ல. 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் நிறைவேறி, மிஸிஸிப்பி மாகாணத்தில் கறுப்பு ஜனங்கள் திரள் திரளாகப் பெயர் பதிவு செய்துகொள்ளத் தொடங்கினர். அடுத்த வருஷமே அம்மாகாணச் சட்டசபைக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. கல்விச் சூபரிண்டெண்டைத் தேர்ந்தெடுப்பதா நியமிப்பதா என்று அதுவரை கவுண்டிகளே தீர்மானித்துக்கொள்ளலாம். இனி 11 கவுண்டிகளில் நியமனந்தான் என்று சட்டம் செய்தது. மத்திய சர்க்காரின் சம்மதமின்றி இத்தகைய மாறுதல் செல்லாதென்று 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த முன் சம்மத ஏற்பாடு எந்தெந்த மாகாணங்களுக்குப் பொருந்தும் என்று வகுத்த பிரிவை, 2013-ல் அதே கோர்ட்டு செல்லாதாக்கியது. ஏற்பாடு செயலற்றுக் கிடக்கிறது. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாறுதல் செய்யுமுன் சர்க்கார் சம்மதம் கேட்ட காலம் போய், மாறுதல் நடந்தபின் குடியானவன் வழக்குத் தொடுக்கும் காலம் வந்திருக்கிறது.

கல்வி நிபுணர் விஷயம், அதைச் சந்தைக் கூட்டத்தின் ஓட்டுக்கு விடலாமா என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றி இதே கேள்வியை வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கேட்டுக் கேட்டு நமது காது புளித்துப் போயிற்று. பென்ஸில்வேனியாவில் யார்க் கவுண்டியைச் சேர்ந்த டோவர் என்ற பள்ளி வட்டாரத்தில், பரிணாம சாஸ்திரத்துக்குப் போட்டியாக மதச்சார்பான ஒரு கொள்கையைப் பாடத்தோடு புகுத்த போர்டார் முனைந்தார்கள். அவர்கள் ஓட்டினால் வந்தவர்கள் என்பது மெய். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2005 நவம்பர் 8-ந் தேதி தேர்தல் வந்தது. போட்டிக்கு நின்ற பழைய மெம்பர்கள் எட்டுப் பேரும் தோற்றனர். நீதிபதியின் தீர்ப்பு வெளியானது டிசம்பர் 20-ந் தேதி! ஜனங்கள் தவறு செய்யமாட்டார்கள் என்பதல்ல நமது வாதம். தாம் செய்த தவறைத் தாமே திருத்திக்கொள்ளும் வழி தேர்தலில் உண்டு, நியமனத்தில் இல்லை.

வர்ஜீனியாவில் இந்த வழி வெகு தாமதமாகவே திறந்தது. நியமன முறை கறுப்பு இனத்தாருக்கு அநீதி என்று தொடுக்கப்பட்ட வழக்கு 1989-ல் அப்பீல் கோர்ட்டில் தோற்றது. 1992-ல்தான் சட்டசபை இறங்கி வந்தது: வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் மகஜர் கொடுத்தால் ஜனவாக்கு எடுத்துத் தேர்தல் முறைக்கு மாறலாம் என்று சட்டமாயிற்று. ஊர் ஊராக வாக்கெடுத்து மாறினார்கள். அர்லிங்டனும் தன் பழைய உரிமையை மீண்டும் பெற்றது.

இவ்வளவு பாடுபட்டு அடைந்த ஓட்டு இன்று என்ன கதியில் இருக்கிறது? தேசமெங்கும், பொதுத் தேர்தலோடு சேராமல் தனித்து நடக்கும் பள்ளிக்கூடத் தேர்தல்களில் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினரும் வராதது சர்வ சாதாரணம். நியூயார்க் மாகாணத்தில் பெரிய நகரங்களைத் தவிர்த்த வட்டாரங்களில் மே மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை தேர்தல் நடக்கிறது. வேறெந்தத் தேர்தலும் இல்லாத ஒரு நாளில் சாவடிக்கு யார் நினைவாக வருவார்கள்? காரியம் உள்ளவர்கள் வருவார்கள். உபாத்தியாயர் சங்கமாயினும் சரி, வரியைக் குறைக்க வேண்டுமென்ற சங்கமாயினும் சரி, கட்டுக்கோப்பாகத் திரண்ட சிறு கூட்டத்துக்குக் காலியான சாவடி பெரிய வரம். நியூஜெர்ஸி மாகாணம் 2012-ல் சட்டம் செய்து, ஏப்ரலில் நடந்துவந்த தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொள்ள வட்டாரங்களுக்கு அனுமதி கொடுத்தது, பெரும்பாலானவை மாற்றிக்கொண்டன. ஏனைய மாகாணங்களும் இதைச் செய்யவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். வாக்காளனைச் சாவடிக்கு இரண்டு முறை அலைய வைப்பதில் எந்தத் தத்துவமும் இல்லை.

பிரஜைகள் மறந்த இடத்தைக் கட்சிகள் மறக்கவில்லை. வர்ஜீனியாவில் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் கட்சிகள் தம் ஆசாமியை வெளிப்படையாகவே ஆதரிக்கின்றன. 2021 ஜூன் மாதத்தில் லவுடன் கவுண்டிப் போர்டின் கூட்டம் கூச்சலில் முடிந்து, சட்டவிரோதக் கூட்டம் என்று கலைக்கப்பட்டது. அவ்வருஷத்துக் கவர்னர் தேர்தலில் பள்ளிக்கூட விவகாரமே பிரதானமாயிற்று. ப்ளோரிடாவில் 67 கவுண்டிகளும் 67 பள்ளி வட்டாரங்கள். அங்கே போர்டுத் தேர்தலைக் கட்சித் தேர்தலாக்க 2024 நவம்பரில் ஜனவாக்கெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், வேண்டிய 60 சதவிகிதம் கிட்டாமையால் அது நிறைவேறவில்லை. நமக்கு இதில் வருத்தமில்லை. கட்சிச் சின்னம் ஒட்டினால் சாவடி நிறையலாம். ஆனால் பள்ளிக் கட்டிடம் ஒழுகுகிறது என்று முறையிடப் போகிறவன் முதலில் தன் கட்சியைச் சொல்லிக்கொண்டு நிற்க நேரிடும்.

பேர்பாக்ஸிலும் லவுடனிலும் நம் தமிழ் மக்கள் கணிசமாகக் குடியேறியிருக்கின்றனர். அந்நாட்டுப் பிரஜைகளாகிவிட்ட அவர்களுக்கு அங்கே ஓட்டு உண்டு. கணக்கிலும் ஸயன்ஸிலும் தம் குழந்தை எத்தனை மார்க்கு வாங்கிற்று என்று இரவு பகல் விசாரிக்கும் அவர்களிற் சிலர், அப்பாடத்தை நிர்ணயிக்கும் போர்டில் தம் பகுதி மெம்பரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். பேர்பாக்ஸ் போர்டின் 12 ஸ்தானங்களுக்கும் 2023 நவம்பரில் தேர்தல் நடந்தது; மெம்பர்களின் தவணை நான்கு வருஷம். அடுத்த தேர்தல் வருமுன் அவர்கள் தம் பெயர் ஓட்டர் ஜாபிதாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்களாக. அண்டை வீட்டுக் கறுப்புக் குடும்பத்தாரிடம், அந்த ஓட்டு அர்லிங்டனில் எப்படிப் போய் எப்படி வந்தது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாக.