சொக்சோ மேல்முறையீடு: நாள்கள் எங்கே கரைகின்றன?

வேலையிடத்தில் உங்க அப்பாவின் கை நசுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொக்சோ மருத்துவ வாரியம் கொடுத்த நிரந்தர இயலாமை விழுக்காடு குறைவு. வீட்டில் எல்லாருக்கும் கோபம். சரி, மேல்முறையீடு எங்கே?

விழுக்காடுதான் பிரச்சினை என்றால் மருத்துவ மேல்முறையீட்டு வாரியம். முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 90 நாள். ‘இது வேலை விபத்தே இல்லை’ என்று கோரிக்கையையே நிராகரித்திருந்தால், போக வேண்டியது சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டும் தனித்தனி. தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போதும் நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

90 நாள் தாண்டிடுச்சா? ‘கை இன்னும் வலிக்குது’ என்பது தாமதத்துக்கு விளக்கம் ஆகாது. கடிதம் எப்போது வந்தது, இடையில் அப்பா வார்டில் இருந்தாரா என்பதைத்தான் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். அப்போதும் ஏற்பார்கள் என்று உறுதியில்லை. கடித உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அஞ்சல் முத்திரை அதில்தான் இருக்கு.