கோயில் நிற்கிறது, நகரம் எங்கே?

சோழர் தலைநகர் எது என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை முதல் பட்டதாரி வரை தஞ்சாவூர் என்றே சொல்வர். பிழையில்லை, ஆனால் அது பாதி விடை. விஜயாலயன் காலந்தொட்டு இராஜராஜன் காலம் வரை ஏறத்தாழ 175 ஆண்டுகள் தஞ்சை தலைநகராயிருந்தது. அதன் பின்னர் 1279-இல் சோழர் ஆட்சி முடியும் வரை, சுமார் இரண்டரை நூற்றாண்டுக் காலம், கங்கைகொண்ட சோழபுரமே பேரரசின் தலைநகரம். 1025-இல் கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்திய இராஜேந்திரன் எழுப்பிய நகரம் அது. ஜயங்கொண்டார் அதைக் கங்காபுரி என்று பாடினார். பகை நாடான சாளுக்கியத்தின் அரசவையில் இருந்த காஷ்மீரத்துப் புலவர் பில்கணரும் தம் காவியத்தில் அந்நகரைக் குறிப்பிடத் தவறவில்லை. அத்தகைய ஊர் இன்று அரியலூர் மாவட்டத்தில், ஜயங்கொண்டத்தை அடுத்து, ஒரு கோயிலும் சில தெருக்களுமாக இருக்கிறது.

நெல் விளையும் தஞ்சையை விட்டு இராஜேந்திரன் கொள்ளிடத்துக்கு வடக்கே போனது ஏன்? வடக்கே படை நடத்த வசதி என்பர். தெற்கே கொள்ளிடம் அகழிபோல் அமைந்தது என்பர். இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் புதிய ஊர் மேட்டு நிலம். ஓடும் ஆறு அருகில் இல்லை. ஆகவேதான் நகருக்கு முன்னே ஏரி வேண்டியிருந்தது. சோழகங்கம் என்னும் அந்த ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. கங்கை நீரைக் கொணர்ந்து அதில் சேர்த்ததை எல்லோரும் வியந்து பேசுவர். கங்கை நீர் குடக்கணக்கில் வந்திருக்கும். ஏரியை நிரப்பியது என்னவோ மழையும் வாய்க்காலும்தான். வெற்றித்தூண் என்று பெயர் வைத்துக்கொண்டு குடிநீர் ஏற்பாடு செய்த அரசனின் சாமர்த்தியம் பாராட்டத்தக்கதே! அந்த ஏரியே பின்னாளில் பொன்னேரி ஆயிற்று. பழைய அரசாங்கக் குறிப்புகள் அதன் கரையை 16 மைல் நீளம் என்கின்றன. இன்று இருப்பது அதில் ஒரு சிறு பகுதி.

கோயிலைக் கல்லால் கட்டினான் மன்னன்; தன் அரண்மனையைச் செங்கல்லால் கட்டிக்கொண்டான். ஆண்டவனுக்குக் கல், ஆளுகிறவனுக்குச் செங்கல் என்பது அக்கால முறை. சுமார் 180 அடி உயர விமானம், தஞ்சை விமானத்தைப்போல் நேராக ஏறாமல் இடையில் சற்றே உள்வளைந்து, ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. 2004-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது. அரண்மனை இருந்த இடமோ மாளிகைமேடு என்னும் மண்மேடாகிவிட்டது. தொல்லியல் துறையினர் 1980-களிலும், 2021-க்குப் பின்னரும் அங்கே தோண்டினர். தடித்த செங்கற்சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் ஆகியவை கிடைத்தன. சீனப் பீங்கானில் உண்டவர்கள் வாழ்ந்த வீடு அது.

நகரம் அழிந்தது பாண்டியராலே என்பது பொதுவான நம்பிக்கை. மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததை அவன் மெய்க்கீர்த்தியே கூறுகிறது. எனவே பழியை அவ்வம்சத்தின் மேல் போடுவது எளிது. ஆனால் எரிந்த அரண்மனையிலும் செங்கல் மிஞ்சியிருக்குமல்லவா? அதைப் பாண்டியர் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுற்று வட்டாரத்து மக்களே தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டனர். ஏழைக் குடியானவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தலைநகரம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவர்கள் செய்ததுதான் பெருங்கொடுமை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயில் மதிலை இடித்துக் கருங்கற்களை வண்டியேற்றிக்கொண்டு போனார்கள் கும்பினி அதிகாரிகள். ஊர் மக்கள் தடுத்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. எடுத்த கல்லுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களித்தார்கள், கட்டவில்லை. இதை எழுதிவைத்தது 1855-ஆம் ஆண்டின் ஒரு பத்திரிகை.

கீழணையால் பயனில்லை என்று எவரும் சொல்ல மாட்டார். அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. வீராணமும் சோழர் வெட்டிய ஏரிதான். ஆனால், அணை கட்டியவரின் பெயரை எல்லோரும் அறிவர். கல் கொடுத்த ஊரின் பெயரை அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும் எத்தனை பேர் அறிவர்? அங்கே ஒரு கல்வெட்டு நட்டு, இக்கற்கள் எங்கிருந்து வந்தன என்று நாலு வரி எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இடிக்க முடியாத ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, ஊர்ப்பெயர்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. கோட்டையின் உட்புறம், படைக்கலம் இருந்த இடம், அரசனின் மெய்க்காவலர் குடியிருப்பு, சுண்ணாம்பு அரைத்த குழி என்று, அப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே நகரத்தின் படம் கண்முன் விரிகிறது. இந்தக் கிராமங்களில் புது மனை போடுவோரும், புது நகர் என்று பெயர்ப் பலகை மாட்டுவோரும் பெருகினால் அந்தப் படமும் கிழியும். பழம் பெயரை மாற்றலாகாது. அஸ்திவாரம் தோண்டுமுன் தொல்லியல் துறையினர் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். அதற்காக வீட்டுக்காரரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கவும் கூடாது. இம்மூன்றையும் சட்டமாக்கினால் போதும்.

அருங்காட்சியகம் அமைப்பதாகவும் ஏரியைச் சீரமைப்பதாகவும் 2025-இல் மாநில அரசு அறிவித்தது. இரண்டும் நல்லவையே. இரண்டில் முதலிடம் ஏரிக்குத் தர வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைத்த பீங்கான் துண்டு இன்னும் நூறாண்டு காத்திருக்கும். வரத்து வாய்க்கால் ஒரு முறை பட்டாவாகிவிட்டால் திரும்பி வராது.