பண்டரிபுரத்தில் சாப்பிட்ட நம்மூர்ச் சாப்பாடு

வெளியூர் போய்த் திரும்பும்போது நாம் என்ன வாங்கி வருகிறோம்? திருநெல்வேலி என்றால் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் நாலு நாளில் தீர்ந்துவிடும். தப்பில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டம்மாவும் சுற்றிய சுற்றில் எனக்கு ஒரு எண்ணம் வலுத்துவிட்டது. பொட்டலத்தைவிடப் பக்குவத்தைக் கொண்டுவருவதே மேல். அதுவும் நம் மண்ணில் விளைவதை வைத்துச் செய்யும் பக்குவமாக இருந்தால் இன்னும் மேல்.

சில வருஷங்களுக்கு முன் பண்டரிபுரம் போயிருந்தோம். அன்று ஏகாதசி. மராட்டியர்கள் விரத நாளில் அரிசி, கோதுமை தொட மாட்டார்கள். ஒரு சின்ன ஓட்டலில் இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் சாபுதாணா கிச்சடி, அதாவது ஜவ்வரிசி உப்புமா. இன்னொன்றில் 'வரி' என்ற சோறு, மேலே வேர்க்கடலைக் குழம்பு. ஒரு வாய் வைத்ததுமே வீட்டம்மா, "ஏங்க, இது நம்ம சாமையாட்டம்ல இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் சாமை, குதிரைவாலி இரண்டையுமே வரி என்றுதான் விற்கிறார்கள். மளிகைக் கடையில் ஜவ்வரிசி எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்காமல் "சேலம்" என்றார்.

அசல் ஜவ்வரிசி தென்கிழக்கு ஆசியாவில் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சின்னசேலம் பக்கமும் கல்வராயன் மலையிலும் பிடுங்குகிற கிழங்கு ஆத்தூர், சேலம் ஆலைகளுக்குத்தான் போகிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாக வடக்கே போகிறது. விளைவிப்பது நாம், விரும்பிச் சாப்பிடுவது அவர்கள். நமக்கு அது பாயசத்தோடும் வடகத்தோடும் சரி.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும். ஆலையில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து ஒரு விலை சொல்வார்கள். வடக்கே வாங்குவது குறைந்தால் இங்கே விலை இறங்கும். கொடுத்துவிட்டு வருவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி கிடையாது. சாமை அப்படியில்லை. உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், விலை இல்லாவிட்டால் வீட்டுச் சோறாகும்.

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக மலைக்குப் போனேன். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டம். மலையாளி மக்களின் வீட்டில்தான் சாப்பாடு. (கேரளத்து மலையாளிகள் அல்ல, நம் மலைவாழ் மக்கள்.) சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அந்தச் சாமையைப் பெண்கள் விடியற்காலையில் உரலில் குத்துகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குத்தியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அதனால் கிழங்குக்கு மாறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கிழங்குக் காசில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மலையில் சாமை நிலைக்க வேண்டுமென்றால் உபதேசம் உதவாது. அரைத்துத் தர மெஷின் வேண்டும், அருகிலேயே வாங்குகிற ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக ஏன் இருக்கக்கூடாது?

இனி எங்கள் வீட்டுப் பக்குவம்.

ஜவ்வரிசி கிச்சடி: மாவு ஜவ்வரிசிதான் சரி, நைலான் ஜவ்வரிசி வேண்டாம். இரண்டு மூன்று முறை கழுவி, மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். மிச்சத் தண்ணீரை நன்றாக வடித்து, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலையும் உப்பும் பிசறி வையுங்கள். நெய்யில் சீரகம், பச்சைமிளகாய் தாளித்து, வெந்த உருளைக்கிழங்கைப் போட்டு, ஜவ்வரிசியைக் கொட்டி மிதமான தீயில் கிளறுங்கள். கண்ணாடி போல் ஆனதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் பசையாகிவிடும். எலுமிச்சம்பழம் பிழிந்து சூடாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து.

சாமையும் கடலைக் குழம்பும்: ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். வறுத்த வேர்க்கடலை, பச்சைமிளகாய், சீரகம் மூன்றையும் நைசாக அரைத்துக் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். அங்கே புளிப்புக்குக் கோகம் போடுகிறார்கள். நமக்குத்தான் கல்வராயன் புளி இருக்கிறதே! கொஞ்சம் கரைத்து ஊற்றி, ஒரு துண்டு வெல்லம் போட்டால் போதும். பேரப்பிள்ளைகள் மறுசோறு கேட்கிறார்கள்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு இப்போது கார் கார்களாக ஜனம் போகிறது. மேகம் அருவியில் குளித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு வந்து பரோட்டா சாப்பிடுகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு துணிப்பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மலைக்காரர்களிடமே சாமை, புளி, தேன் கேட்டு வாங்குங்கள். சாமை பளபளவென்று வெளுத்திருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். பழுப்பாக இருப்பதையே கேளுங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.