எந்தச் சோறு அவர்களை நிறுத்தியது?

தலித் மக்கள் சோற்றுக்காகவே கிறிஸ்தவத்தைத் தழுவினர் என்ற கூற்று அரசியல் மேடை முதல் ஆய்வரங்கம் வரை உலவுகிறது. ஆதாயம் கருதிச் சேர்ந்தவர், அது மறுபக்கம் சாய்ந்ததும் விலகியிருக்க வேண்டும் அல்லவா?

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை அத்தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஞானஸ்நானம் பெறும் தலித் இழப்பது இடஒதுக்கீட்டை; இழக்காதது தீண்டாமையை.

2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் சுவாமி லட்சுமணானந்தா கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றபோதும் பழி கிறிஸ்தவர்மேல் விழுந்தது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் காடுகளிலும் நிவாரண முகாம்களிலும் தஞ்சமடைந்தனர். மதத்தைக் கைவிட்டால் மட்டுமே வீடு திரும்பலாம் எனப் பல சிற்றூர்களில் நிபந்தனை விதிக்கப்பட்டது. அச்சத்தால் பணிந்தோரும் உண்டு; அவர்களைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. பணிய மறுத்தோரோ வீட்டையும் நிலத்தையும் துறந்து முகாமிலேயே கிடந்தனர். எந்தச் சோறு அவர்களை அங்கே நிறுத்தியது?

இந்த உறுதியைச் 'சிலுவை சுமத்தல்' எனப் போற்றிவிட்டு அமைதி காக்கும் திருச்சபையும் விடை சொல்லியாக வேண்டும். சுமப்பவரின் விசுவாசம் மெய்யானது. அதனாலேயே சுமத்தியவரின் குற்றம் நீங்கிவிடாது. நம்பிக்கைக்கு விலை வைக்கும் அந்த ஆணையைத் திருத்தக் கோருவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.