தேயும் சங்கிலி

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி கடந்து திரியாய் வரையும் செல்லும் நெடுவழியில், பள்ளி மாணவரும் வயலுக்குப் போவோரும் நம்பியிருக்கும் ஊர்திகளுள் துவிச்சக்கர வண்டிக்குத் தனியிடம் உண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இலங்கை மக்கள் நெடுவரிசையில் நின்றபோது, அதன் அருமையை நகரத்தாரும் உணர்ந்தனர். வண்டியின் விலையும் ஏறிற்று. ஆதலின், அதன் சங்கிலியைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

சங்கிலி 'இழுபட்டு நீண்டுவிட்டது' என்பது நம் வழக்கு. உண்மையில் அதன் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைப் பிணைக்கும் ஆணியும் அதைச் சூழ்ந்த குழலும் உராய்ந்து தேய்கின்றன. மூட்டு ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி உண்டாக, ஏறக்குறைய நூறு மூட்டுகளின் இடைவெளியும் சேர்ந்து நீட்சியாகத் தோன்றுகிறது. நீண்ட சங்கிலி பற்சக்கரத்தின் பற்களோடு பொருந்தாது அவற்றையும் அரிக்கிறது. அரிபட்ட பல் சுறாவின் செட்டைபோல் ஒருபுறம் வளைந்து நிற்கும். அப்பல்லிலிருந்து சங்கிலி வழுகினால், எழுந்து நின்று மிதிப்பவர் வீதியில் விழ நேரும்.

திரியாய்ப் பக்கத்தில் இத்தேய்வுக்குத் துணைபுரிவோர் இருவர். ஒருவர் கடற்காற்றின் உப்பு, மற்றவர் மணல். அயலூரான புல்மோட்டைக் கரையில் இல்மனைற்றுக் கனிமம் செறிந்த மணல் கிடைப்பதை மாணவர் அறிவர். அத்தகைய மணல் எண்ணெயோடு கலந்தால் அரத்தூளின் வேலையைச் செய்யும்.

இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டை வண்டியில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். பார்வையற்றோர் பின்னிருக்கையில் அமர்ந்து பராலிம்பிக் போட்டிகளில் ஓட்டுவதும் இவ்வண்டியையே. அதில் பெரும்பாலும் இரு சங்கிலிகள் உண்டு. இடப்புறச் சங்கிலி முன்னவரின் மிதியைப் பின்னவரின் மிதியோடு இணைப்பது. அது ஒருவர் விசையை மட்டுமே தாங்கும். வலப்புறச் சங்கிலியோ இருவர் விசையையும் பின்சக்கரத்துக்குக் கடத்துவதால் விரைவில் தேயும். இடப்புறச் சங்கிலி தளர்ந்து ஒரு பல் தாண்டினாலோ, இருவர் கால்களும் இசைவிழக்கும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்தல் வேண்டும்.

அளப்பது எளிது, அடிக்கோல் ஒன்று போதும். ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தை வையுங்கள். அங்கிருந்து எண்ணி வரும் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்றல் வேண்டும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு மிகுந்தால் புதுச் சங்கிலி வாங்கும் காலம் வந்ததென அறிக. 8இல் ஒரு பங்கு மிகுந்தாலோ பற்சக்கரமும் கெட்டிருக்கக்கூடும், செலவு இரட்டிக்கும்.

பழந்துணியால் அழுக்கைத் துடையுங்கள். அழுக்கு மிகுந்திருப்பின், அடுப்புக்கு அப்பால் வைத்து மண்ணெண்ணெயால் கழுவி நன்கு உலர்த்துங்கள். பின்னர் மூட்டுக்கு ஒரு துளி இயந்திர எண்ணெய் இட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டுவது மூட்டின் உள்ளே. வெளியே நின்றால் மணலைத்தான் சேர்க்கும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகுமாதலின் சமையலறையோடு நிற்கட்டும்.

ஞாயிறு தோறும் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கும் மாணவர், திங்கட்கிழமை பாதிவழியில் வண்டியை உருட்டிச் செல்ல வேண்டியிராது.