தண்ணியைப் பிடுங்கினா சூடாயிடும்!

காவிரிக்கரை தொட்டியம் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலை தெரியும்ல? கல்யாணச் சாப்பாடு முடிஞ்சதும் வெற்றிலையில சுண்ணாம்பு தடவி மடிச்சுப் போடறோமே, அந்தச் சுண்ணாம்புக்குள்ள ஒரு செமஸ்டர் கேள்வியே ஒளிஞ்சிருக்கு பாஸ். 'அன்ஹைட்ரைடு என்றால் என்ன?'

மிரளாதீங்க! ஒரு சேர்மத்துல இருந்து தண்ணியை மட்டும் கழட்டிவிட்டா மிச்சம் நிக்குறதுதான் அன்ஹைட்ரைடு. வெற்றிலையில தடவுறது நீர்த்த சுண்ணாம்பு. அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. இதுல தண்ணியைக் கழிச்சா சுட்ட சுண்ணாம்பு. அதாவது கால்சியம் ஆக்சைடு.

நடைமுறையில ரூட் வேற. சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி வாக்குல சுடுவாங்க. கார்பன் டை ஆக்சைடு எஸ்கேப், சுட்ட சுண்ணாம்பு ரெடி! திருச்சி மாவட்டத்துல கல்லக்குடி பக்கம் இந்தக் கல் எக்கச்சக்கம். அதை நம்பித்தான் 1939-ல் டால்மியாபுரம் சிமென்ட் ஆலையே வந்துச்சு.

சுட்ட சுண்ணாம்புக்கு எப்பவும் தண்ணி தாகம். பட்டா போதும், புஸ்ஸுன்னு ஆவி கிளம்பும். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணியைக் குடிச்சு 74 கிராம் ஆகும்போது வர்ற சூட்டுல, இன்னொரு 200 மில்லி தண்ணியைக் கிட்டத்தட்டக் கொதிக்கவே வைக்கலாம்.

ஆஸ்பிரின் பிராக்டிகல்ல 'ஃபிளாஸ்க்கை நல்லா காய வைப்பா'ன்னு மேடம் கத்துறதும் இதுக்குத்தான். அசிட்டிக் அன்ஹைட்ரைடும் இதே குடும்பம். ஈரம் பட்டா பழையபடி அசிட்டிக் ஆசிட் ஆகி, உங்க ஈல்டு காலி!

இப்போ சீரியஸ் மேட்டர். பெட்டிக்கடையில தொங்குற சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தைங்க அமுக்கி விளையாடி, அது கண்ணுல தெறிச்சுப் பார்வையே பறிபோன கேஸ்களை நம்ம நாட்டுக் கண் டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. நீர்த்த சுண்ணாம்புல அந்தச் சூடு இல்லைதான். ஆனா அது கடுமையான காரம், கருவிழியையே அரிச்சிடும்.

'சுண்ணாம்புல தண்ணி பட்டா சூடாகுமே, கழுவலாமா?'ன்னு யோசிச்சு நிக்காதீங்க. கொஞ்சூண்டு தண்ணிதான் ஆபத்து. நிறைய தண்ணி சூட்டையும் காரத்தையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடும். கண்ணைக் கசக்கக் கூடாது. இமையை விரிச்சுப் பிடிச்சு, குழாய்த் தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷமாவது விடாம கழுவணும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எலுமிச்சை, வினிகர்னு எந்தக் கைவைத்தியமும் வேணாம். தோல்ல சுட்ட சுண்ணாம்புப் பொடி கொட்டினா மட்டும், முதல்ல உலர்ந்த துணியால தட்டிவிட்டுட்டு அப்புறம் கழுவுங்க.

பரீட்சையில இந்தச் சமன்பாட்டுக்கு ரெண்டு மார்க் வரும். வீட்டுல ஒரு குட்டித் தம்பியோட கண்ணையே காப்பாத்தும். பாக்கெட்டை எட்டாத இடத்துல வைங்க மக்கா!