அகராதியில் இல்லாத சொற்கள்



சென்ற தைத் திங்களில் ஒரு நாள் மாலை, அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தந்தை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். மகன் அக்குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன். அன்றோ அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். புத்தகங்கள் கட்டப்பட்டுப் பரண்மீது ஏறியிருந்தன.

"ஒரு பாடத்திலே பெயில் ஆகிவிட்டான் ஐயா. ஒரு வருஷம் வீண். நாளை முதல் என்னோடு வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்" என்றார் தந்தை. குரலில் கோபமில்லை, தளர்ச்சியே இருந்தது.

பள்ளியில் ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த வகுப்பு தடைப்படும் என்பது அவர் அறிந்த கணக்கு. கல்லூரிக் கணக்கு வேறு என்பதை அவருக்குச் சொல்வாரில்லை. மகனுக்கோ கேட்க நாணம்.

நாம் அமர்ந்து விளக்கினோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஆறு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதனையே 'செமஸ்டர்' என்கிறார்கள். ஒரு பருவத்தில் ஒரு பாடம் தவறினால் அதற்கு 'அரியர்' என்று பெயர். கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக அப்பாடத்தை மட்டும் பின்னர் வரும் தேர்வில் மீண்டும் எழுதலாம். அதற்கிடையில் அடுத்த பருவ வகுப்பில் அமரத் தடையில்லை. ஆண்டு வீணாவதில்லை. ஆனால் மறுதேர்வுக்குரிய கட்டணத்தை உரிய நாளில் செலுத்தவேண்டும். அறிவிப்புப் பலகையைப் பாராதவன் அந்த நாளைத் தவறவிடுவான்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இந்த ஒரு சொல் தெரியாமலா பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்த்தேன்?" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சைத் தைத்தது. முதல் தலைமுறை மாணவனை வீழ்த்துவது பெரும்பாலும் அறிவுக்குறையன்று. யாரும் சொல்லித்தராத சில சொற்களே. ஆகவே கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோர் மேலும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

வருகைப் பதிவு பொதுவாக 75 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. குறைந்தால் தேர்வெழுதத் தடை நேரலாம். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் பிள்ளையை ஊரில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் இதை நினைவிற் கொள்க. 'இன்டர்னல்' என்பது வகுப்புத் தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் கல்லூரியே அளிக்கும் மதிப்பெண். பருவத் தேர்வு மதிப்பெண்ணோடு இதுவும் சேரும். 'தன்னாட்சிக் கல்லூரி' என்றால் வினாத்தாளைக் கல்லூரியே அமைக்கும். பட்டத்தையோ பல்கலைக்கழகமே வழங்கும். நம் பகுதிக் கலைக் கல்லூரிகளுக்கு அது திருச்சியில் 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

மதிப்பெண் பட்டியல்களின் மூலப்படிவங்களைச் சரிபார்த்தபின் கல்லூரிகள் திருப்பித் தரவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. இடைத்தரகர் எவரிடமும் அவற்றை ஒப்படைக்காதீர்கள்.

பணமில்லை என்று படிப்பைக் கைவிடுமுன் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பற்றி விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்றோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றன. கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தொழிற்கல்வி நாடுவோர் முதல் பட்டதாரிச் சான்றிதழை முன்னதாகவே பெற்றுவைத்தல் நன்று.

நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் இந்நாட்டிற்கு வந்தவர். தமிழின் ஒரு சொல்லும் அறியாது வந்தவரே 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். கேட்க நாணியிருந்தால் அகராதி பிறந்திருக்குமா?

ஆதலால் மாணவச் செல்வங்களே, தெரியாததைக் கேளுங்கள், கேட்பது இழுக்கன்று. பட்டம் பெற்ற பெரியோரே, கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் தெருப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். உங்களுக்குப் பழகிப்போன ஒரு சொல், ஓர் ஏழை வீட்டின் மூன்றாண்டுக் கனவைக் காக்கக்கூடும்.

ரெட்டிபாளையத்து மகன் மறுநாள் காலைப் பேருந்தில் கல்லூரிக்குப் புறப்பட்டான். பரணிலிருந்து புத்தகக் கட்டை இறக்கித் தந்தவர் அவன் தந்தையே.